சுயேச்சை வேட்பாளரின் பணப்பை: எதை வாங்கலாம், எதை எழுத வேண்டும்?

கேள்வி: சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கப் போகிறேன். நண்பர்கள் பணம் தருவதாகச் சொல்கிறார்கள். அதில் ஒருவர் சிங்கப்பூரில் இருக்கிறார். போஸ்டர்களை இப்போதே அடித்து வைத்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் கணக்கு காட்ட வேண்டுமா?

பதில்: ஆமாம், அந்த போஸ்டர்களுக்கும்தான். மனுத்தாக்கல் செய்யும் நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள் வரை உள்ள செலவுதான் கணக்கு. ஆனால் முன்பே வாங்கிய பொருளை அந்த நாட்களில் பயன்படுத்தினால் அதுவும் சேரும். போஸ்டரில் அச்சகத்தார், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

மனுத்தாக்கலுக்கு ஒரு நாள் முன்பாவது தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்கிவிடுங்கள். தேர்தல் முகவரோடு, அதாவது உங்கள் சார்பில் தேர்தல் வேலைகளைப் பார்க்க நீங்கள் நியமிப்பவரோடு, கூட்டாகத் தொடங்கலாம், மனைவியோடு கூடாது (அவரே முகவர் என்றால் சரி). உங்கள் சொந்தப் பணமும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். ஒருவரிடமிருந்து 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது. ஒருவருக்கு அதற்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கவும் கூடாது. இது ஒரு நாள் கணக்கு இல்லை, தேர்தல் முழுவதற்கும் சேர்த்து. பந்தல்காரருக்கு மூன்று தவணையாகக் கொடுத்தாலும் கூட்டித்தான் பார்ப்பார்கள்.

சிங்கப்பூர் நண்பர் இன்னும் இந்தியக் குடிமகன் என்றால் வாங்கலாம். அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டார் என்றால் அது வெளிநாட்டு நன்கொடை, நட்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். இன்னொன்று, வரிவிலக்கு கிடைக்கும் என்று யாருக்கும் வாக்கு கொடுக்காதீர்கள். அது கட்சிக்குத் தரும் நன்கொடைக்குத்தான்.

தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்ற வேட்பாளரின் செலவுக்கு உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய். சுயேச்சைகளில் பெரும்பாலோர் அதன் பக்கத்தில்கூடப் போவதில்லை. சிக்கல் வேறு இடத்தில் வரும். நண்பர் தன் காசில் வேன் பிடித்து, பிரியாணி போட்டால், உங்களுக்குத் தெரிந்து நடந்தவரை அது உங்கள் செலவு. உங்கள் எழுத்துமூல அனுமதி இல்லாமல் செய்தால் அவர்மீதே வழக்கு வரும். டீ, நாற்காலி, ஒலிபெருக்கி என்று எல்லாவற்றுக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலர் விலைப்பட்டியல் வைத்திருப்பார். பறக்கும் படையும் வீடியோ குழுவும் எடுப்பதை வைத்து உங்கள் செலவை அதிகாரிகள் தனியாகக் குறித்துவைக்கும் ஒரு நிழல் பதிவேடும் உங்கள் பெயரில் ஓடும். தேர்தல் ஆணையம் நியமிக்கும் செலவினப் பார்வையாளர் பிரச்சாரக் காலத்தில் மூன்று முறை உங்கள் பதிவேட்டை அதோடு ஒப்பிடுவார். அன்றன்றைய செலவை அன்றே எழுதுங்கள்.

தோற்றாலும் முடிவு வந்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் ரசீதுகளோடு கணக்கு தர வேண்டும். சுயேச்சைகள் பலர் கோட்டைவிடுவது இங்கேதான். கொடுக்காவிட்டால் மூன்று ஆண்டு போட்டியிட முடியாமல் போகலாம். கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.