காலடி மண்

அன்புள்ள ஐயா,

வணக்கம். புதுச்சேரி இலாசுப்பேட்டையில் வசிக்கிறேன். வயது 38, வங்கிப் பணி. மூன்று மாதங்களாகச் சிலம்பம் கற்கிறேன். விடியற்காலையில் ஒரு மணி நேரம் பயிற்சி, திரும்பியதும் முக்கால் மணி நேரம் வீட்டுத் தோட்டம். இந்த வசந்தத்தில் வாசல் புங்கமரம் தளிர்த்து நிற்கிறது, செம்பருத்திக்குத் தேன்சிட்டு வருகிறது. இவ்வளவு மகிழ்ச்சியாக நான் இருந்ததே இல்லை. இந்த வயதில் கம்பு எதற்கு என்று வீட்டில் சிரிக்கிறார்கள். ஆனால் என் இரத்த அழுத்தம் குறைந்திருக்கிறது. ஐயாயிரம் ஆண்டுப் பழைமையுள்ள, உலகின் தற்காப்புக் கலைகளுக்கெல்லாம் தாயான கலையைக் கற்கிறேன் என்ற பெருமையும் உண்டு.

ஒரே குறை, வாத்தியார் இன்னும் கம்பைக் கையில் தரவில்லை. காலடியையே திரும்பத் திரும்பப் போட வைக்கிறார். வேறொரு பயிற்சி மையத்தில் முதல் நாளே கம்பு தருகிறார்கள். ஆறு மாதத்தில் இரண்டு இடுப்புப் பட்டைகளும் சான்றிதழும் கிடைக்குமாம். அங்கே மாறிவிடலாமா? வீட்டிலும் பயிற்சி செய்ய வசதியாக வாசல் மண்தரையில் பேவர் பிளாக் பதித்து, செடிகளைத் தொட்டிகளுக்கு மாற்றவும் எண்ணம். பிப்ரவரி மலர்க் கண்காட்சியில் வாங்கிய பெட்டூனியாக்கள் வாடுகின்றன. மூன்று வயது மல்லிகை இலையாகவே வளர்கிறது. கவாத்து செய்யச் சொல்கிறார்கள், வெட்ட மனம் வரவில்லை. பெயரை வெளியிட வேண்டாம்.

ம.

*

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் ஒரு மாதத்துக்கு முன் வந்திருந்தால் நான்கு வரியில் பதில் எழுதி முடித்திருப்பேன். இவ்வாண்டு மாசி மகத்தன்று எங்கள் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் பார்த்த ஒன்று அன்றிலிருந்து என்னை அரித்துக்கொண்டிருந்தது. அதைப் பற்றி யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் என்றிருந்த நேரத்தில் நீங்களாக வந்து சிக்கியிருக்கிறீர்கள்.

முதலில் சில்லறை விஷயங்களை ஒதுக்கிவிடுகிறேன். ஐயாயிரம் ஆண்டுக் கணக்கை விட்டுவிடுங்கள். அது உண்மையானால் உங்கள் மணிக்கட்டுக்குப் பலம் கூடப்போவதில்லை, பொய்யானால் குறையப்போவதுமில்லை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றபோது நானும் மகிழ்ந்தேன். பெருமைப்பட அது போதும். பெட்டூனியா குளிர்காலத்துச் செடி, நம் சித்திரை வெயிலைத் தாண்டாது, அதற்காக அழாதீர்கள். வீட்டில் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ஆனால் அவர்களுக்குப் பதிலாக இரத்த அழுத்தக் கணக்கை ஏன் காட்டுகிறீர்கள்? மகிழ்ச்சியாக இருக்கிறேன் என்று எழுதிய கையோடு அதற்கு மருத்துவச் சான்று இணைக்கிறீர்கள். வங்கியில் இருப்பவர்களுக்கு எதையும் அடமானம் இல்லாமல் கொடுக்க மனம் வராது போலும்.

பங்குனியை வசந்தம் என்கிறீர்கள். நம் இலக்கணப்படி இளவேனில் சித்திரையும் வைகாசியும்தான்; பங்குனி இன்னும் பின்பனி. ஆனால் புங்கமரம் இலக்கணம் படித்ததில்லை என்பதால் இந்தப் பிழையை மன்னிக்கலாம்.

இனி மாசி மகத்துக்கு வருகிறேன். சுற்றுப்புறச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்திறங்கிய கூட்டத்துக்கு நடுவே, பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இருபது பேர் ஒரே நிறச் சட்டையில் வரிசையாக நின்று கம்பு சுற்றினார்கள். என்ன வேகம்! கம்பு கண்ணுக்கே தெரியவில்லை, காற்றில் ஒரு வட்டம் மட்டும் தெரிந்தது. நானும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் பழைய பழக்கத்தில் என் கண் கீழே இறங்கியது. இருபது பேரின் நாற்பது கால்களில் ஒன்றுகூட நகரவில்லை. ஆணியடித்து நிறுத்தியது போல நின்ற இடத்திலேயே நின்று, இடுப்புக்கு மேலே மட்டும் விளையாடினார்கள். அருகில் நின்ற பெற்றோர் ஒருவர், இப்படியே தொடர்ந்து பல மணி நேரம் சுற்றிச் சாதனைப் பட்டியலில் பெயர் எழுதப் போகிறார்கள் என்று பூரிப்புடன் சொன்னார். பானை மேல் நின்று சுற்றுவது, ஆணிப் பலகை மேல் நின்று சுற்றுவது என்று இப்போது எத்தனையோ உண்டு. அந்தக் குழந்தைகள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அவர்கள் தங்கக் கட்டிகள். அவர்களுக்கு அதைச் சிலம்பம் என்று சொல்லிக்கொடுத்த பெரியவர்களைத்தான் நிற்க வைத்துக் கேட்கவேண்டும்.

யாரையாவது புரட்டி எடுத்தால் ‘வீடு கட்டி அடித்தான்’ என்று நாம் பேச்சில் சொல்கிறோமே, அந்த வீடு எது என்று நினைத்துப் பார்த்திருக்கிறீர்களா? கம்பு விளையாட்டில் எதிராளியை நெருங்குவதற்கு முன் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சுழன்றும் வைக்கும் காலடிகளால் தரையில் ஓர் எல்லை வரைவதற்குத்தான் வீடு கட்டுதல் என்று பெயர். அந்த வீட்டுக்குள் அவன் வந்தால் அடி, அவன் வீட்டுக்குள் நீங்கள் கால் வைத்தால் உங்களுக்கு அடி. நெற்றி உயரக் கம்பு ஒன்றை வேகமாகச் சுற்றத் தெரிந்த ஒருவர், இரண்டடி விலகத் தெரியாவிட்டால் தன்னைத் தானே ஓரிடத்தில் கட்டிப்போட்டுக்கொண்டவர்தான். உங்கள் வாத்தியார் மூன்று மாதமாகச் செய்துகொண்டிருப்பது, உங்களுக்கு அந்த வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும் வேலை. நீங்களோ இன்னும் சுவருக்கு வெள்ளையடிக்கவில்லையே என்று கடிதம் எழுதுகிறீர்கள்.

இவ்வளவு கோபமாகப் பேச எனக்கு ஒரு தகுதி உண்டு. நீங்கள் இப்போது செய்ய நினைப்பதை நான் 1981இல் செய்தவன்.

அப்போது எனக்குப் பதினான்கு வயது, வீடு கடலூர் முதுநகரில். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒருவர் மாலையில் உப்பனாற்றங்கரையில் பிள்ளைகளுக்குக் கம்பு சொல்லிக்கொடுப்பார். கட்டணம் கிடையாது, வெற்றிலை பாக்குதான். ஆற்று ஈரம் ஏறிய மணலில் கம்பு முனையால் ஒரு கட்டம் கீறி, அதற்குள் காலடி போடச் சொல்லிவிட்டுப் போய்ச் சுருட்டு பிடிப்பார். நாங்கள் ஆடும்போது எங்களைப் பார்க்கவே மாட்டார். அது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. முடித்ததும் எங்களைக் கட்டத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு, அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு வந்து குந்தி உட்கார்ந்து மணலைப் பார்ப்பார். குதிகால் ஆழமாகப் பதிந்திருந்தால், பின்னால் சாய்ந்து பயந்திருக்கிறாய் என்பார். முன்கால் தடம் இழுபட்டிருந்தால், தூக்கி வைக்காமல் தேய்த்திருக்கிறாய், கம்பு வந்தால் தடுக்கி விழுவாய் என்பார். ஒரு முறை என் தடத்தைப் பார்த்துவிட்டு, எட்டாவது அடியில் யாரைத் திரும்பிப் பார்த்தாய் என்று கேட்டார். கரையோரமாக என் பள்ளித் தோழர்கள் போனார்கள், அவர்களைத்தான் பார்த்தேன்.

ஐந்து மாதம் கம்பே தரவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஊரில் கராத்தே அலை அடித்துக்கொண்டிருந்தது. நான் ஒருநாள் சொல்லாமல் நின்றுவிட்டு வெள்ளை உடுப்பு வாங்கிக்கொண்டு அங்கே சேர்ந்தேன். ஓராண்டில் மஞ்சள் பட்டை வாங்கி, அதைத் துவைக்காமல் சட்டத்துக்குள் வைக்காத குறையாகப் பாதுகாத்தேன். கராத்தேவைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். அதிலும் நிற்பதையும் நகர்வதையும் ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. நான் போனது பட்டைக்காக. உங்களையும் இழுக்கும் அந்தப் பட்டைக்கு அப்படியொன்றும் வயதாகிவிடவில்லை. ஜூடோவைத் தோற்றுவித்த கானோ ஜிகோரோ 1880களில் மாணவரைத் தரம் பிரிக்கத் தொடங்கினார். அதைப் பின்பற்றி, ஜப்பானில் கராத்தேவைப் பரப்பிய ஃபுனாகோஷி அதில் முதன்முதலாகக் கறுப்புப் பட்டை வழங்கியது 1924இல். கம்புக்குப் பட்டை கட்டியது அதற்கும் வெகு பின்னால், நம் காலத்தில்.

பட்டை வாங்கிய தைரியத்தில் ஒரு காணும் பொங்கலன்று பழைய ஆற்றங்கரைக்குப் போனேன். என்னோடு சேர்ந்து, நிற்காமல் தொடர்ந்த ஒரு பையன் கம்பின் இரு நுனியிலும் கரி தடவிக்கொண்டு வந்தான். என் வெள்ளைச் சட்டையில் தோளில் ஒன்று, விலாவில் ஒன்று, தொடையில் ஒன்று என மூன்று பொட்டு விழும்வரை எனக்கு எதுவும் புரியவில்லை. அவன் கையை நான் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அடி வந்ததெல்லாம் அவன் கால் போன இடத்திலிருந்து. வாத்தியார் சிரிக்கவில்லை. திரும்பி வந்துவிடு என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்திருப்பேன், சொல்லவில்லை. நானாகக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. இரண்டாண்டு கழித்து அவர் இறந்தபோது சவ ஊர்வலத்தில் அவருடைய பிள்ளைகள் கம்பு சுற்றிக்கொண்டு போனார்கள், நான் ஓரமாக நடந்தேன். அம்மா, அந்த ஐந்து மாதக் காலடி இன்றும் என்னிடம் இருக்கிறது. கம்பு மட்டும் இல்லை.

சரி, உங்கள் வாசலுக்கு வருகிறேன். பேவர் பிளாக் பதிக்கப்போகிறேன் என்ற வரியைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். மண்தரை இருக்கும் வீடு இலாசுப்பேட்டையில் இன்னும் எத்தனை மிச்சம்? அதை வைத்துக்கொண்டு கல் பதிப்பதா? கிறுக்கி என்னும் சுழல் அடியைப் போடும்போது உடல் முழுவதும் முன்பாதத்தின் மேல் திரும்புகிறது. மண்ணில் மணல்பருக்கை உருண்டு பாதத்துக்கு வழி விடும். சொரசொரப்பான கல்லில் பாதம் பிடித்துக்கொள்ளும், உடல் திரும்பும், இடையில் மாட்டிக்கொள்வது முழங்கால். என் வலது முழங்காலைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம், இப்போது வேண்டாம்.

நீங்கள் மகிழ்ந்து எழுதியிருக்கும் அந்தப் புங்கந்தளிரும் இதில் சேர்ந்தது. ஒரு சொட்டு மழை இல்லாத பங்குனியில் அந்த மரம் பழைய இலையை எல்லாம் உதிர்த்துவிட்டு எதைக் குடித்துத் தளிர்க்கிறது? நம் கரையில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடுகிறது. மண்ணுக்குள் இறங்கித் தங்கிய அந்த நீரைத்தான் அது இப்போது எடுத்துக்கொள்கிறது. வாசல் முழுக்கக் கல்லைப் பரப்பினால் அந்த நீரில் பெரும்பங்கு தெருச் சாக்கடைக்குப் போகும். செடிகளைத் தொட்டிக்கு மாற்றுவதிலும் எச்சரிக்கை வேண்டும். தொட்டியில் வேர் சுவரைத் தொட்டதும் வளைந்து வளைந்து தன்னையே சுற்றிக்கொள்ளும், பிறகு தரையில் நட்டாலும் அந்தச் சுருள் எளிதில் விரியாது. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் நம் இரண்டு ஊருக்கும் இடையில் கரையேறியபோது, பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் சாய்ந்ததை ஊரே பேசியது. எங்கள் தெருவில் அடிமரத்தை ஒட்டிச் சிமென்ட் பூசியிருந்த வேம்பும், என் தாயார் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்து நட்ட ஒட்டுமாவும் வேரோடு சாய்ந்தன. ஒட்டுமாவின் வேர் பையின் வடிவத்திலேயே உருண்டையாக இருந்தது. யாரும் நடாமல் தானாக முளைத்த பூவரசு ஓர் இலை பாக்கியில்லாமல் மொட்டையடிக்கப்பட்டு நின்றது. அந்தப் பங்குனியில் தெருவில் முதலில் பச்சை கட்டியது அதுதான். ஒரு தெருவை வைத்து விதி வகுக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் கல் பதிக்காதீர்கள்.

மல்லிகையை வெட்ட மனம் வரவில்லை என்பதை இரக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், அது சோம்பல். மல்லிகை புதிதாக வரும் கிளையில்தான் பூக்கும். நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து ஐம்பது சென்டிமீட்டர் உயரம் விட்டு மேலே உள்ளதை வெட்டி, இருக்கும் இலையையும் உருவிவிட வேண்டும். பார்க்கப் பரிதாபமாகத்தான் இருக்கும். அடுத்த பங்குனியில் நீங்கள் பூக்கூடையைத் தேடுவீர்கள். முல்லை இருந்தால் அதற்கு ஜனவரிக் கடைசி. இந்த ஆண்டுக்கு நேரம் தவறிவிட்டது. காய்ந்த குச்சியையும் நோய்ப்பட்ட கிளையையும் மட்டும் நீக்கி, தொழுவுரம் இட்டு, காலையில் தண்ணீர் விடுங்கள்.

மையம் மாறலாமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் வாத்தியாரை எனக்குத் தெரியாது. சிலர் காலடியைச் சொல்லி ஆண்டுக்கணக்கில் இழுத்தடிப்பதும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. அவரிடம் நேராகப் போய், என் காலில் என்ன குறை என்று கேளுங்கள். எந்த அடியில், எந்தப் பக்கம், எதனால் என்று அவர் சொன்னால் இருந்துவிடுங்கள். பொறுமை வேண்டும் என்று பொதுவாகச் சொன்னால் மறுபடி எனக்கு எழுதுங்கள்.

அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். பேவர் பிளாக்குக்கு எடுத்து வைத்த பணத்தில் மிகச் சிறு பகுதிக்கு ஆற்று மணல் வாங்கி, புங்கமரத்தின் வேரை மூடாமல் சற்றுத் தள்ளி, பத்தடிக்குப் பத்தடி மெல்லப் பரப்புங்கள். செடிக்கு ஊற்றும்போது அதையும் நனைத்துவிட்டு, வெறுங்காலோடு வீடு கட்டுங்கள். முடித்ததும் வெளியே வந்து நின்று, வெயில் ஏறி மணல் காய்வதற்குள் கைப்பேசியில் படம் எடுங்கள். பூக்களின் படம் நிறைய அனுப்பியிருக்கிறீர்கள், அழகாக இருந்தன. அடுத்த கடிதத்தில் மணலின் படத்தை அனுப்புங்கள். எனக்கு விளக்குப் பிடித்துப் பார்க்கத் தெரிந்த அளவுக்குப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்.