மகனை கிளப்பில் சேர்ப்பதா, ஏஜென்டிடம் பணம் கட்டுவதா?

கேள்வி: நாங்கள் சிட்னியில் டூங்காபி பக்கம் இருக்கிறோம். நான் கண்டியில் படித்தவன், ரக்பி என்றால் எனக்கு உயிர். மகனுக்கு 17 வயது. இந்த ஆண்டோடு பள்ளி முடிகிறது. பள்ளியின் முதல் அணியில் ஃபிளாங்கராக (ஓடி ஓடி எதிராளியை மடக்கும் இடம்) ஆடுகிறான். உடம்பு வைத்து வருவதால் ப்ராப்புக்கு (இரு அணியும் முட்டித் தள்ளும் ஸ்க்ரம்மில் முன்வரிசை ஓரத்தில் நிற்கும் கனத்த ஆள்) மாறச் சொல்கிறார் கோச். மாநிலப் பள்ளி அணித் தேர்வில் அவன் பெயர் வரவில்லை. இப்போது ஒரு ஏஜென்ட், "உள்ளூர் கிளப்பில் ஆடினால் யாரும் பார்க்க மாட்டார்கள், அந்தக் காலம் போய்விட்டது" என்கிறார். வெளிநாட்டு டூர், பயிற்சி முகாம், வீடியோ எல்லாம் சேர்த்துப் பெரிய தொகை கேட்கிறார். கட்டலாமா? கிளப்பில் ஆடி மேலே போவது இன்னும் நடக்கிற காரியமா?

பதில்: பணம் கட்டாதீர்கள். பையனை ஒரு கிளப்பின் கோல்ட்ஸ் அணியில், அதாவது 20 வயதுக்குட்பட்டோர் அணியில், சேர்த்துவிடுங்கள். மீதியை விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த ஏஜென்ட் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஆபத்தே அந்தப் பாதியில்தான்.

நீங்கள் கண்டிக்காரர். உங்கள் ஊர் டிரினிட்டி கல்லூரிக்கும் கொழும்பு ரோயல் கல்லூரிக்கும் நடக்கும் பிராட்பி கேடய ஆட்டத்துக்கு ஊரே திரளுவதைப் பார்த்து வளர்ந்தவர். பள்ளி ரக்பியே உச்சம் என்ற எண்ணம் உங்களுக்குள் இருப்பது இயல்பு. சிட்னியிலும் பெரிய தனியார் பள்ளிகளின் ஆட்டத்துக்குக் கூட்டம் சேரும். ஆனால் 17 வயதில் மாநிலப் பள்ளி அணியில் பெயர் வராதது இங்கே ஒரு முடிவே கிடையாது. நிக் ஃபார்-ஜோன்ஸ் நியூவிங்டன் கல்லூரியில் படித்தபோது பள்ளியின் முதல் அணியில்கூட இடம் பெறவில்லை. பிறகு சிட்னி பல்கலைக்கழகக் கிளப்பில் ஆடினார். 1991-இல் உலகக் கோப்பை வென்ற வாலபீஸுக்கு, அதாவது ஆஸ்திரேலிய தேசிய அணிக்கு, அவர்தான் கேப்டன்.

இன்னொருவர் ஃபில் கேர்ன்ஸ். 1989-இல் சிட்னியின் ராண்ட்விக் கிளப்பில் இரண்டாம் கிரேடு, அதாவது இரண்டாம் நிலை, அணியில் ஹூக்கராக (ஸ்க்ரம் முன்வரிசையின் நடு ஆள்) ஆடிக்கொண்டிருந்தார். முதல் கிரேடில் அந்த இடத்தை வைத்திருந்தவர் எடி ஜோன்ஸ், பின்னாளில் வாலபீஸின் கோச் ஆனவர். அப்போதைய வாலபீஸ் கோச் பாப் டுவையரும் ராண்ட்விக்காரர். இரண்டாம் கிரேடு ஆளை நேராக நியூசிலாந்துக்கு எதிரான டெஸ்டில், அதாவது சர்வதேச ஆட்டத்தில், இறக்கினார். கேர்ன்ஸ் 67 டெஸ்ட் ஆடினார், 1991, 1999 இரண்டு உலகக் கோப்பை வெற்றிகளிலும் இருந்தார். வாலபீஸுக்கு ஆடிய மார்க் எல்லா, கிளென் எல்லா, கேரி எல்லா என்ற சகோதரர்கள் மூவரும் அதே ராண்ட்விக்கில் வளர்ந்தவர்கள். 'மட்ராவில்' என்ற பேட்டையின் அரசுப் பள்ளிப் பிள்ளைகள். அந்தக் கிளப் எவ்வளவு வலுவாக இருந்தது என்றால், 1988-இல் கூஜீ ஓவலில் நியூசிலாந்தின் ஆல் பிளாக்ஸ் அணியோடு தனியாக மோதியது. 25-9 என்று தோற்றாலும், ஒரு பேட்டைக் கிளப் உலகச் சாம்பியன் அணிக்கு எதிரே நின்ற கதையை இன்னும் சொல்கிறார்கள்.

சரி, இதெல்லாம் பழைய கதை என்று ஏஜென்ட் சொல்வார். ஓரளவு சரிதான். 1995 ஆகஸ்டில் ரக்பி தொழில்முறை ஆட்டமானது, அடுத்த ஆண்டே பல நாட்டு அணிகள் மோதும் சூப்பர் ரக்பி போட்டி தொடங்கியது. இப்போது இரண்டாம் கிரேடிலிருந்து நேராக வாலபீஸுக்கு யாரும் குதிப்பதில்லை. நடுவில் சூப்பர் அணிகள் நிற்கின்றன: வாரட்டாஸ், ரெட்ஸ், பிரம்பீஸ், வெஸ்டர்ன் ஃபோர்ஸ். அவற்றுக்குச் சொந்த அகாடமிகள் உண்டு. பள்ளி முடிக்கும் முன்பே சில பையன்களைக் குறித்து வைத்துக்கொள்கிறார்கள்.

ஏஜென்ட் சொல்லாமல் விட்ட பாதி இது. அகாடமியில் இருக்கும் பையனும் சனிக்கிழமை ஏதாவது ஒரு கிளப்புக்குத்தான் ஆடியாக வேண்டும். அகாடமியில் எடை தூக்கலாம், ஓடலாம், வீடியோ பார்த்துப் பாடம் கற்கலாம். 80 நிமிட ஆட்டம் அங்கே கிடைக்காது. அது சிட்னியில் ஷூட் ஷீல்டு என்ற கிளப் போட்டியில் கிடைக்கும், பிரிஸ்பேனில் ஹாஸ்பிடல் கப்பில், கான்பராவில் ஜான் டென்ட் கோப்பையில். சூப்பர் அணியில் ஒப்பந்தம் இருந்தும் அந்த வார ஆட்டத்துக்கான 23 பேரில் இடம் கிடைக்காதவர்களும் கிளப்புக்குத் திரும்பி ஆடுகிறார்கள். ஜூனில் சூப்பர் பருவம் முடிந்ததும் இன்னும் பலர் வருவார்கள். உங்கள் பையன் முதல் கிரேடை எட்டினால், ஒரு சனிக்கிழமை எதிரே நிற்பவர் வாரட்டாஸ் வீரராக இருக்கலாம். அன்றைக்கு வாரட்டாஸ் கோச் யாரைப் பார்க்க வந்தாலும், உங்கள் மகனையும் பார்த்துவிட்டுத்தான் போவார். இதற்குச் சமமான வாய்ப்பை எந்த வெளிநாட்டு டூரும் தராது.

கிளப் எப்படி இயங்குகிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். ஷூட் ஷீல்டு கிளப்பில் நான்கு கிரேடு அணிகள். அவற்றோடு 20 வயதுக்குட்பட்டோருக்கான கோல்ட்ஸ் அணிகள். ஒரே சனிக்கிழமை, காலையில் கோல்ட்ஸ் தொடங்கி பிற்பகல் முதல் கிரேடு வரை வரிசையாக ஆடுவார்கள். கோல்ட்ஸில் நன்றாக ஆடும் பையனை, மேலே யாருக்காவது காயம் என்றால், அடுத்த வாரமே மூன்றாம் கிரேடுக்கோ இரண்டாம் கிரேடுக்கோ இழுப்பார்கள். அங்கே அவனைத் தள்ளப் போகிறவர் பகலில் தச்சு வேலை பார்க்கும் 30 வயது ஆள். பள்ளியில் தன் வயதுப் பையன்களை முட்டித் தள்ளிப் பழகியவன் முதல் முறை அப்படி ஒரு ஆளோடு மோதும்போதுதான் ரக்பி என்றால் என்ன என்று உடம்புக்குப் புரிகிறது.

எந்தக் கிளப் என்று கேட்பீர்கள். கோப்பைகளின் எண்ணிக்கையைப் பார்த்துச் சேர்க்காதீர்கள். பெரிய கிளப்பில் மூன்றாம் கோல்ட்ஸ் அணியின் பெஞ்சில் உட்காருவதைவிட, சாதாரணக் கிளப்பின் முதல் கோல்ட்ஸில் வாரா வாரம் முழு ஆட்டம் ஆடுவது பல மடங்கு மேல். உங்கள் வீட்டிலிருந்து டூ ப்ளூஸ், ஈஸ்ட்வுட், வெஸ்ட் ஹார்பர் மூன்றுமே எட்டும் தூரம். மூன்றின் கோல்ட்ஸ் மேலாளரிடமும் இரண்டே கேள்வி கேளுங்கள்: என் மகனின் இடத்துக்கு ஏற்கெனவே எத்தனை பேர்? முன்வரிசைக்கு ஸ்க்ரம் சொல்லிக்கொடுப்பவர் யார்? இரண்டாவது கேள்விக்கு ஒரு பெயர் வரவில்லை என்றால் அடுத்த கிளப்பைப் பாருங்கள். பயிற்சி வாரத்தில் இரண்டு மாலை இருக்கும். வேலை, படிப்பு, ரயில் மூன்றையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இப்போது அந்த ஏஜென்ட் விஷயம். இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கப் போவதில்லை. கோல்ட்ஸ் பையன்களோடு நெடுங்காலம் வேலை செய்தவன் என்பதால், தேர்வில் விடுபட்ட பையனின் அப்பாவைத் தேடி இந்த ஆட்கள் வருவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். தேர்வான பையன்களின் வீட்டுக்கு அவர்கள் பை தூக்கிக்கொண்டு போவதில்லை. அங்கே சூப்பர் அணியே வந்துவிடும். மனம் உடைந்த வீட்டில்தான் காசோலை சீக்கிரம் எழுதப்படும் என்று அவர்களுக்குத் தெரியும்.

உண்மையான ஏஜென்ட் உங்களிடம் முன்பணம் கேட்க மாட்டார். பையனுக்கு ஒப்பந்தம் வாங்கிக் கொடுத்து, அதிலிருந்து தன் பங்கை எடுத்துக்கொள்வதே அவர் தொழில். ஆஸ்திரேலியாவில் ரக்பி ஏஜென்ட்களுக்கு அங்கீகார முறை இருக்கிறது. வீரர்கள் சங்கத்தைத் தொடர்புகொண்டு பெயர் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பெயர் இல்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். இருந்தாலும் 17 வயதுப் பையனுக்கு இப்போது ஏஜென்ட் எதற்கு? பேரம் பேச ஒப்பந்தம் ஒன்று வேண்டாமா?

டூர் என்றால் ஒரு கேள்வி கேளுங்கள்: பணம் கட்டத் தயாராக இருந்தும் நீங்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய பையன் யாராவது உண்டா? பதில் வராது. பணம் கட்டிய எல்லாரும் 'தேர்வு' ஆகிற அணி அது. தங்க நிறச் சட்டை கொடுப்பார்கள், அணியின் பெயரில் 'ஆஸ்திரேலியா' என்ற சொல்லை எங்காவது ஒட்டுவார்கள். ரக்பி ஆஸ்திரேலியாவுக்கும் அதற்கும் தொடர்பு இருக்காது. ஊரிலுள்ள உறவினர்களுக்குப் படம் அனுப்பலாம், அவ்வளவுதான். பையனுக்கு ஊர் சுற்றும் அனுபவம் வேண்டும் என்று நீங்களே விரும்பி அனுப்பினால் அது வேறு. ஒப்பந்தத்துக்கு வழி என்று நினைத்து அனுப்பாதீர்கள்.

வீடியோவுக்கும் இதே கதைதான். பாட்டுப் போட்டு வெட்டி ஒட்டிய மூன்று நிமிடப் படத்தைப் பார்த்து எந்தக் கோச்சும் முடிவெடுக்க மாட்டார். முழு ஆட்டத்தையும் கேட்பார். பந்து இல்லாத நேரத்தில் பையன் என்ன செய்கிறான், தப்பு செய்த அடுத்த நிமிடம் எங்கே ஓடுகிறான் என்று பார்க்க வேண்டும் அவருக்கு. அதை மைதான ஓரத்தில் நின்று உங்கள் ஃபோனிலேயே எடுக்கலாம்.

அப்புறம், புரோட்டீன், மாத்திரை என்று எதையாவது அவர்கள் வழியாகக் கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள். தடைசெய்யப்பட்ட மருந்து கலந்திருந்து சிக்கினால், தெரியாமல் சாப்பிட்டான் என்பது பையனைக் காப்பாற்றாது.

இனி ப்ராப். மேலே சொன்னதெல்லாம் பொதுவான வழி. உங்கள் மகன் ப்ராப்புக்கு மாறினால், அதிலும் வலப்பக்கம் 3-ஆம் எண்ணில் நிற்கும் டைட்ஹெட் என்றால், கால அட்டவணையை மொத்தமாக மாற்றி எழுத வேண்டும். இதை யாரும் பெற்றோருக்குப் பொறுமையாகச் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

ஸ்க்ரம்மில் இடப்பக்க ப்ராப்பின் ஒரு தோள் எதிராளிக்கு வெளியே இருக்கும். டைட்ஹெட்டின் தலையோ எதிரணியின் ஹூக்கருக்கும் ப்ராப்புக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும், இரண்டு தோளிலும் பாரம் இறங்கும். அந்தப் பாரத்தைக் கழுத்தும் முதுகும் தாங்கப் பழக வருடங்கள் ஆகும். 19 வயதுக்குட்பட்டோர் விதிகளில் ஸ்க்ரம்மை ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளக் கூடாது. பள்ளிப் பையன்களின் முதுகைக் காக்கத்தான் அந்த விதி. பெரியவர்கள் ஆட்டத்தில் அந்தக் காப்பு இல்லை. ஆகவே பையன் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும், ப்ராப்பாக அவனை அவசரப்பட்டு மேல் கிரேடுக்கு ஏற்ற விடாதீர்கள். கிளப்பில் ஆள் குறைந்தால் கேட்கத்தான் செய்வார்கள், "ஒரே ஒரு ஆட்டம்" என்பார்கள். முடியாது என்று சொல்லுங்கள். முதல் பருவம் முழுக்கக் கோல்ட்ஸ். அடுத்தது நான்காம் கிரேடில் தந்திரம் தெரிந்த வயசாளிகளிடம் அடி வாங்கிப் படிப்பது. அதற்குப் பிறகு மற்றது.

இதனால் தாமதமாகிறதே என்று கவலைப்பட வேண்டாம். மைதான ஓரத்தில், விங்கில் ஓடுகிறவன் 21 வயதுக்குள் யார் கண்ணிலும் படவில்லை என்றால் கொஞ்சம் யோசிக்கலாம். ப்ராப்புக்கு 23, 24 வயதில்தான் கதவே திறக்கும். தேவையும் எப்போதும் உண்டு. 23 பேர் அணியில் முன்வரிசை மூன்று பேருக்கும் பயிற்சி பெற்ற மாற்று ஆள் இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. ஒரு சூப்பர் அணியில் இரண்டு டைட்ஹெட்டுக்குக் காயம் வந்துவிட்டால் அந்த வாரமே கிளப்புகளுக்கு ஃபோன் போகும். விங் ஆட்டக்காரருக்கு இப்படி ஃபோன் வருவது அபூர்வம். ஆனால் ஒன்று: மாறுவது என்றால் முழுதாக மாற வேண்டும். பாதி ஃபிளாங்கர், பாதி ப்ராப் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் கெடும். பையனுக்கு ஸ்க்ரம்மில் உள்ளபடியே ஆசை இருக்கிறதா என்று அவனிடமே கேளுங்கள், கோச்சுக்காக மாற வேண்டாம்.

உங்களைப் போன்ற பெற்றோர் ஏஜென்ட்களிடம் போய் மாட்டுவதற்கு நிர்வாகமும் ஒரு காரணம். கிளப்புக்கும் சூப்பர் அணிக்கும் இடையே ஒரு நிரந்தரப் படி வேண்டும். நியூசிலாந்துக்கு மாகாணப் போட்டி உண்டு, தென்னாப்பிரிக்காவுக்குக் கரி கோப்பை உண்டு. இங்கே 2007-இல் ஒரு போட்டி தொடங்கி ஒரே பருவத்தில் நிறுத்தினார்கள். 2014-இல் இன்னொன்று தொடங்கி 2019-ஓடு மூடினார்கள். படி இல்லாத இடத்தில் ஏணி விற்பவன் வந்து நிற்கிறான். 2024-இல் மெல்பர்ன் ரெபல்ஸையும் மூடியதால் இப்போது மிச்சம் நான்கு அணிகள், ஒவ்வொன்றிலும் முப்பத்தைந்து நாற்பது பேர். உங்கள் பக்கத்துக் கதை இன்னும் மோசம். பிள்ளைகள் பெருகி வரும் மேற்கு சிட்னியில், பென்ரித் கிளப் பெரிய பெரிய தோல்விகளாகத் தோற்றது என்று சொல்லி 2018-இல் ஷூட் ஷீல்டிலிருந்தே நீக்கினார்கள். பலவீனமான கிளப்பைத் தூக்கி நிறுத்தாமல் வெளியே தள்ளினால் அங்குள்ள பையன்கள் எங்கே போவார்கள்? பையன்களை இழுத்துக்கொள்ள ரக்பி லீக் (அது வேறு விதிகளில் ஆடும் இன்னொரு ரக்பி) ஆட்கள் ஒவ்வொரு மைதானத்திலும் காத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் நீங்களோ நானோ இந்த வருடம் மாற்ற முடியாது. பையனின் இடத்தை மட்டும் சரியாக அமைக்கலாம். ஆட்டம் ஏப்ரல் வாக்கில்தான் தொடங்கும், ஆனால் பயிற்சி கோடையிலேயே ஆரம்பித்துவிடும். பள்ளித் தேர்வு முடிந்ததும் நவம்பரிலேயே கோல்ட்ஸ் மேலாளரைக் கூப்பிடுங்கள். பதிவு 'ரக்பி எக்ஸ்ப்ளோரர்' செயலியில். அதில் காப்பீடும் அடங்கும், ஆகிற செலவு அந்த டூர் தொகையில் சிறு துண்டு. மாநிலத் தேர்வில் விடுபட்டதைப் பற்றி மேலாளரிடம் நீங்களாகப் பேச வேண்டாம். வயது, உயரம், எடை, ஆடிய இடம் சொல்லுங்கள். ப்ராப்புக்கு மாறலாமா என்று யோசிக்கிறான் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். அதைக் கேட்டதும் அவர் திரும்பக் கூப்பிடுவார்.