கேள்வி–பதில்: முதல் ஊத்

கேள்வி: கெய்ரோவின் முகமது அலி தெருவில் ஊத் (அரபு, துருக்கி இசையின் தந்தி வாத்தியம்) வாங்க எண்ணம். முதல் வாத்தியம். எதைப் பார்ப்பது?

பதில்: சிப்பி வேலைப்பாட்டைக் கடைசியில் பாருங்கள். சுவரில் மாட்ட மட்டுமே லாயக்கான ஊத்துகளில்தான் அது பெரும்பாலும் தாராளமாக இருக்கும்!

முதலில் கழுத்து உடலோடு சேரும் இடத்தில், தந்திக்கும் விரல்பலகைக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். 3 மி.மீ. வரை சரி. 4-ஐத் தாண்டினால், தந்தி இழுப்பில் கழுத்து முன்னே வளைந்திருக்கலாம். அழுத்த விரல் நோகும். மேலே போகப் போகச் சுருதியும் ஏறிப்போகும். இதைச் சரிசெய்யக் கழுத்தையே கழற்ற நேரிடும் என்பதால், விலை குறைத்தாலும் வேண்டாம்.

முகப்பலகை ஸ்ப்ரூஸ் அல்லது சிடார் மரத்தில், நேரான நெருக்க ரேகைகளுடன் இருக்கட்டும். தந்தி கட்டிய பாலத்தின் முன் லேசான பள்ளம் இயல்பு. பாலத்தின் பின்விளிம்பில் தாள் நுழைந்தால் பசை விடுகிறது என்று பொருள். பிருடை (தந்தியை முறுக்கும் முளை) நழுவுவது சின்னக் குறை, பேரம் பேச உதவும்.

வழக்கமாக 5 ஜோடித் தந்தி, 1 ஒற்றை மந்தரத் தந்தி. வீணையில் இருப்பதுபோல விரல்பலகையில் மெட்டுக் கட்டைகள் கிடையாது. ஒவ்வொரு ஜோடியிலும் விரலை மெல்ல நகர்த்தி மீட்டுங்கள். ஓரிடத்தில் மட்டும் இரைந்தால் விரல்பலகையில் மேடுபள்ளம்.

அரபு ஊத்தில் தந்தி நீளம் சுமார் 61 செ.மீ., துருக்கி ஊத்தில் 58.5. இரண்டுக்கும் தந்தி வேறு. மாற்றிப் போட்டால் தொய்யும், அல்லது அறும்.