டீ தோட்டத்துல பெரிய கால்தடம்: சிறுத்தையா, புலியா?

நீலகிரி எமரால்டு பக்கத்துல இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார்: "தோட்டத்துக்கு கீழ சேத்துல பெரிய தடம் இருக்கு, ரெண்டு கறவை மாடு வச்சிருக்கேன், எங்கப்பா காலத்துல இங்க புலியே கிடையாது, இப்ப ஏன் வருது, நான் என்ன செய்யணும்?"

முதல்ல தடத்த பாருங்க. நகம் பதிஞ்சிருந்தா பெரும்பாலும் நாய்தான். நகம் இல்லாம அகலம் ஏழெட்டு சென்டிமீட்டர்னா சிறுத்தை, பன்னெண்டு பதிமூணுன்னா வளந்த புலி. ஆனா ஈர சேத்துல தடம் விரிஞ்சு பெருசா தெரியும், குட்டிப்புலி தடம் சிறுத்தை மாதிரியே இருக்கும், அதனால ஒரு தடத்த மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க.

அப்பா காலத்துல கிடையாதுன்னு சொல்றது சரியில்லங்க, இருந்துச்சு, கண்ணுல படல, அவ்ளோதான். உங்களுக்கு மேல இருக்கிற முக்குருத்தி தேசியப் பூங்கா மொத்தமே 78 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டுல 2006 கணக்குல 76 புலி, 2022ல 306, ஒன்றரை ரெண்டு வயசுல தாய விட்டு பிரியுற இளம் ஆண் புலிக்கு பெரிய புலி ஏற்கனவே புடிச்ச இடத்துல வேலை இல்ல, ஓரமா ஒதுங்கித்தான் ஆகணும். இன்னொன்னு புல்லு. வெள்ளக்காரன் கொண்டு வந்த சீகை மரம், அப்புறம் நம்ம ஆளுங்களே தோல் பதனிட பட்டை வேணும்னு நட்டது, இப்ப புல்வெளிய மூடிட்டு வருது. கீழ முதுமலைல உண்ணிச்செடியும் சென்னாங்கிற வெளிநாட்டு மரமும் அதே மாதிரி மூடுது. புல்லு கொறஞ்சா கடமானும் காட்டெருமையும் மேய்ச்சல தேடி எடம் மாறும், டீ தோட்டத்துக்குள்ள காட்டெருமை நிக்கிறத நீங்களே தினமும் பாக்குறீங்களே, அதுங்க பின்னாடி புலி வராம இருக்குமா?

இனி மாடு விஷயம். சிறுத்த கொட்டகைக்குள்ள பூந்து கன்னுக்குட்டிய தூக்கும், புலி பெரும்பாலும் காட்டோரம் மேயுற மாட்டத்தான் அடிக்கும். சோலைக்காட்டு ஓரமா மாட்ட தனியா விடாதீங்க, பொழுது சாயுறதுக்குள்ள கட்டிருங்க, கொட்டகைய சுத்தி புதர வெட்டுங்க. விடியக்காலைல தனியா குனிஞ்சு கொழுந்து எடுக்க வேண்டாம், ரெண்டு மூணு பேரா பேசிக்கிட்டே போங்க.

அப்படியும் அடிச்சிருச்சுன்னா செத்த மாட்ட நகத்தாதீங்க, பொதைக்காதீங்க. அடிச்ச இரைக்கு புலி திரும்பி வரும், அது இல்லன்னா அடுத்த மாட்டத் தேடும். ரேஞ்சர் ஆபீஸ்ல உடனே எழுதிக் கொடுங்க, வனத்துறையும் கால்நடை டாக்டரும் வந்து பாத்தாத்தான் நஷ்டஈடு நகரும், அது லேட்டாகுதுங்கிற கோவம் எனக்கும் உண்டு. ஆனா கோவத்துல விஷம் மட்டும் வேணாம், 2023 செப்டம்பர்ல உங்க ஊர் பக்கம் அவலாஞ்சில ரெண்டு புலி அப்படித்தான் செத்துச்சு, மாட்டுக்காரர் கைதானார், மூணு வருஷத்துல இருந்து ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு.

இப்போதைக்கு தடத்துக்கு பக்கத்துல அளவு தெரிய தீப்பெட்டி வச்சு நேர் மேல இருந்து ஒரு போட்டோ எடுங்க, மழை வர்றதுக்கு முன்ன அது மேல ஒரு பக்கெட்ட கவுத்து வைங்க, வனத்துறை வாட்சர் வந்து அளக்கட்டும்.