42 மைக்ரோவிநாடி ஃபங்ஷன் திடீரென்று 7 மில்லிவிநாடி எடுப்பது ஏன்?

கேள்வி: மோட்டார் கன்ட்ரோல் போர்டு ஒன்றில் வேலை செய்கிறேன். 168 மெகாஹெர்ட்ஸில் ஓடும் கோர்டெக்ஸ்-எம்4 ப்ராசஸர், அதன் மேல் ஃப்ரீஆர்டிஓஎஸ் (டாஸ்க் எனப்படும் தனித்தனி வேலைகளை முன்னுரிமைப்படி ஓட்டும் ஆர்டிஓஎஸ், அதாவது நிகழ்நேர இயங்குதளம்). 1 மில்லிவிநாடிக்கு ஒருமுறை ஓடும் கன்ட்ரோல் டாஸ்க்குக்குத்தான் எல்லாவற்றையும்விட உயர்ந்த முன்னுரிமை. அதில் அழைக்கும் ஃபங்ஷன் வழக்கமாக 42 மைக்ரோவிநாடியில் முடிகிறது. சில சமயம் 60, 70 ஆகிறது. எப்போதாவது 7 மில்லிவிநாடி காட்டுகிறது. பிழை வரம்பைத் தாண்டினால், அந்த ஃபங்ஷன் மேலக் (ஓடும்போதே மெமரி கேட்டு வாங்கும் அழைப்பு) மூலம் ஒரு பஃபர் எடுத்து, 80 எழுத்தில் லாக் வரி எழுதி, கியூவில் (டாஸ்க்குகளுக்கு இடையே தரவைக் கடத்தும் வரிசையில்) போடும். தாழ்ந்த முன்னுரிமை டாஸ்க் ஒன்று அதை 115200 பாட் வேகத்தில் யூஆர்ட் என்னும் சீரியல் இணைப்பு வழியாக அனுப்பும். "ஃபங்ஷன் அழைப்புகளை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் இன்லைனாக, அதாவது அழைக்கும் இடத்திலேயே, எழுது" என்கிறார் ஒருவர். "வேறு ஆர்டிஓஎஸ்ஸுக்கு மாறு" என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது?

பதில்: இரண்டுமே வேண்டாம்.

முதலில் இன்லைன் யோசனையை முடித்துவிடலாம். கோர்டெக்ஸ்-எம்4-இல் ஒரு ஃபங்ஷன் அழைப்பு என்பது ஒரு தாவல், சில ரெஜிஸ்டர்களை ஸ்டாக்கில் வைப்பது, முடிந்ததும் அவற்றை எடுத்துக்கொண்டு திரும்புவது. தாராளமாக 20 சைக்கிள் என்று வைத்துக்கொண்டாலும் 168 மெகாஹெர்ட்ஸில் அது 0.12 மைக்ரோவிநாடிதான். பத்து அழைப்புகளை ஒழித்தால் ஒரு மைக்ரோவிநாடிக்குச் சற்று மேல் மிச்சமாகும். 7 மில்லிவிநாடி எங்கே, இது எங்கே! கோடு (நிரல்) படிக்க முடியாமல் போவதுதான் மிஞ்சும்.

ஆர்டிஓஎஸ் போட்டுவிட்டால் நாம் எழுதும் ஃபங்ஷன்களும் நேரத்துக்கு முடிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது அப்படி எந்த உத்தரவாதமும் தருவதில்லை. தயாராக இருக்கும் டாஸ்க்குகளில் எதற்கு முன்னுரிமை அதிகமோ அதை ஓடவிடும். அந்த முடிவை எடுக்கத் தனக்கு ஆகும் நேரத்தை ஒரு வரம்புக்குள் வைத்திருக்கும். டாஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் பகுதியான ஷெட்யூலர் இதை நன்றாகவே செய்கிறது. ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸின் கோர்டெக்ஸ்-எம்4-க்கான வடிவத்தில், எந்த முன்னுரிமையில் டாஸ்க் காத்திருக்கிறது என்பதை முன்னால் இருக்கும் பூஜ்யங்களை எண்ணும் ஒரே கட்டளையால் கண்டுபிடிக்கலாம். மைக்ரோசி ஓஎஸ்-2 என்ற பழைய ஆர்டிஓஎஸ் இதே வேலையை 256 இடங்கள் கொண்ட ஒரு அட்டவணையை வைத்துச் செய்தது. டாஸ்க் ஐந்தோ ஐம்பதோ, தேர்ந்தெடுக்க ஆகும் நேரம் மாறாது. ஆனால் ஓட ஆரம்பித்தபின் டாஸ்க்குக்குள் நடப்பதெல்லாம் உங்கள் பொறுப்பு.

ஒரு ஃபங்ஷன் டிடர்மினிஸ்டிக்காக (நேரத்தைக் கணித்துச் சொல்லக்கூடியதாக) இருக்க, ஒவ்வொரு தடவையும் அதே நேரம் ஆக வேண்டும் என்றில்லை. எவ்வளவு மோசமான சூழலிலும் இதற்கு மேல் போகாது என்று ஓர் எண்ணைச் சொல்ல முடிந்தால் போதும், அந்த எண் கெடுவுக்குள் இருந்தால் போதும். உங்கள் ஃபங்ஷன் 42-க்கும் 70-க்கும் நடுவே ஊசலாடுவதை 1 மில்லிவிநாடி கெடு தாங்கும். அந்த 7 மில்லிவிநாடியைத் தாங்காது.

சரி, அந்த 7 எங்கிருந்து வருகிறது? நீங்கள் எழுதிய விவரத்திலேயே கணக்கு இருக்கிறது. யூஆர்ட்டில் ஒரு பைட் போக ஸ்டார்ட் பிட், எட்டு டேட்டா பிட், ஸ்டாப் பிட் என 10 பிட் ஆகும். 115200 பாட்டில் ஒரு பைட்டுக்கு 86.8 மைக்ரோவிநாடி. 80 பைட்டுக்கு 6.94 மில்லிவிநாடி. நீங்கள் பார்க்கும் எண்ணுக்கு மிக அருகில் வந்துவிட்டது.

நடப்பது இதுவாகத்தான் இருக்க வேண்டும். பிழை தொடர்ந்து வரும்போது ஒவ்வொரு மில்லிவிநாடிக்கும் ஒரு வரி கியூவுக்குள் விழுகிறது. வெளியே போவதோ 7 மில்லிவிநாடிக்கு ஒன்று. கியூ நிரம்புகிறது. கியூவில் போடும் அழைப்பில் காத்திருக்கும் நேரமாக எல்லையில்லாத மதிப்பைக் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், மாதிரிக் கோடுகள் பலவற்றில் அப்படித்தான் இருக்கிறது. எனவே உங்கள் கன்ட்ரோல் டாஸ்க், லாக் டாஸ்க் ஒரு வரியை அனுப்பி முடித்து அடுத்ததை எடுக்கும்வரை தூங்குகிறது. போர்டிலேயே முன்னுரிமை அதிகமான டாஸ்க், முன்னுரிமை குறைந்த டாஸ்க்கை எதிர்பார்த்து நிற்கிறது. நடுவில் இருக்கும் வேறு டாஸ்க்குகள் லாக் டாஸ்க்கை ஓடவிடாமல் செய்தால் 7 என்பது 10, 20 என்று எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம்.

1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனதும் இந்த வகைச் சிக்கலால்தான். வானிலைத் தரவு சேகரிக்கும் தாழ்ந்த டாஸ்க் ஒரு மியூடெக்ஸைப் (ஒரு சமயம் ஒரே டாஸ்க் பிடிக்கக்கூடிய பூட்டை) பிடித்திருந்தது, உயர்ந்த டாஸ்க் அதற்காகக் காத்திருந்தது, நடுத்தர டாஸ்க் ஒன்று இடையில் புகுந்து ஓடியது. அதில் ஓடிய விஎக்ஸ்வொர்க்ஸ் ஆர்டிஓஎஸ்ஸில் அந்த மியூடெக்ஸுக்கு முன்னுரிமை மரபேற்பு வசதி (பூட்டைப் பிடித்திருக்கும் டாஸ்க்குக்கு, அதற்காகக் காத்திருக்கும் டாஸ்க்கின் முன்னுரிமையைத் தருவது) அணைக்கப்பட்டிருந்தது. பூமியிலிருந்து அதை இயக்கிவிட்டதும் சரியானது.

ஆனால் அந்தத் தீர்வு உங்களுக்கு உதவாது. மியூடெக்ஸை யார் பிடித்திருக்கிறார் என்று கர்னலுக்கு (ஆர்டிஓஎஸ்ஸின் மையப் பகுதிக்கு) தெரியும், அதனால் அந்த டாஸ்க்கின் முன்னுரிமையைத் தற்காலிகமாக உயர்த்த முடிகிறது. கியூவுக்கு உரிமையாளர் என்று யாரும் கிடையாது. பைனரி செமஃபோருக்கும் (டாஸ்க்குகள் ஒன்றுக்கொன்று சைகை காட்டும் கொடிக்கும்) அப்படியே. மரபேற்பு இருக்கிறது என்ற தைரியத்தில் கியூவிலோ பைனரி செமஃபோரிலோ கன்ட்ரோல் டாஸ்க்கைக் காத்திருக்க விடாதீர்கள்.

ஆக, காத்திருக்கும் நேரத்தைப் பூஜ்யமாக்குங்கள். கியூ நிரம்பியிருந்தால் அழைப்பு உடனே தோல்வி என்று திரும்பிவிடும். ஒரு கவுன்ட்டரை ஒன்று கூட்டிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்; தவறிய வரிகள் எத்தனை என்பதை லாக் டாஸ்க் பிறகு சொல்லட்டும். ஒரு லாக் வரி தொலைவதால் மோட்டாருக்கு ஒன்றும் ஆகாது, கன்ட்ரோல் சுற்று ஏழு தடவை தவறினால் ஆகும்.

அப்புறம் மேலக். பெரும்பாலும் ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸின் மெமரி ஒதுக்கும் முறைகளில் ஒன்றான ஹீப் 4 பயன்படுத்துவீர்கள். அது காலி இடங்களின் பட்டியலை முதலிலிருந்து நடந்துபோய், போதுமான அளவுள்ள முதல் இடத்தைக் கொடுக்கும். மெமரி துண்டு துண்டாகச் சிதறச் சிதற நடக்க வேண்டிய தூரம் கூடும். போர்டை இயக்கிய முதல் நிமிடத்தில் அளந்தால் ஒரு நேரம், மூன்றாம் நாள் அளந்தால் இன்னொரு நேரம். பலர் கவனிக்காத விஷயம் வேறு ஒன்று: இந்த நடை முடியும்வரை ஃப்ரீஆர்டிஓஎஸ் ஷெட்யூலரையே நிறுத்திவைக்கிறது. இன்டரப்ட் (ஓடுவதை இடைமறிக்கும் ஹார்டுவேர் சைகை) வரும், ஆனால் டாஸ்க் மாறாது. அதாவது கன்ட்ரோல் டாஸ்க்கில் நீங்கள் மேலக்கைத் தொடாமலே இருந்தாலும், எங்கோ ஒரு தாழ்ந்த டாஸ்க் மேலக் செய்தால் உங்கள் டாஸ்க் தாமதமாகத்தான் எழும். சி நூலகத்தின் மேலக்கை நேரடியாக அழைப்பது இன்னும் ஆபத்து. அதற்கான பூட்டு ஃபங்ஷன்களை நீங்கள் இணைத்திருக்காவிட்டால் இரண்டு டாஸ்க்குகள் சேர்ந்து ஹீப்பையே குலைத்துவிடும். பாதுகாப்பான சி கோடுக்கான மிஸ்ரா சி விதிகள் டைனமிக் மெமரியே வேண்டாம் என்று சொல்வது இதையெல்லாம் பார்த்துத்தான். மெமரியைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட்டு, அப்புறம் தொடாமல் இருப்பது நல்லது.

உங்கள் விஷயத்தில் பஃபரே தேவையில்லை. கன்ட்ரோல் டாஸ்க் எழுத்து வரியை ஏன் உருவாக்க வேண்டும்? நேர முத்திரை, பிழை எண், வேகம், மின்னோட்டம், ஆளுக்கு நான்கு பைட் என 16 பைட்டில் ஒரு ஸ்ட்ரக்ட் போதும். அதை அப்படியே கியூவில் போடுங்கள், வரியாக மாற்றும் வேலையை லாக் டாஸ்க் தன் நேரத்தில் செய்யட்டும். எழுத்து வரியை உருவாக்கும் பிரிண்ட்எஃப் குடும்பம் எண்ணைப் பொறுத்தும் ஃபார்மட்டைப் பொறுத்தும் நேரத்தை மாற்றிக்கொண்டே இருக்கும், தசம எண்ணை எழுதச் சொன்னால் சில நூலகங்களில் உள்ளுக்குள் மேலக்கையும் அழைக்கும். கியூவில் போடும் பொருளைச் சிறிதாக வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஃப்ரீஆர்டிஓஎஸ் கியூ பொருளைப் பைட் பைட்டாக நகலெடுக்கிறது, அதைச் செய்யும்போது இன்டரப்டுகளை மறைத்துவைக்கிறது. 16 பைட் என்றால் பொருட்டே இல்லை. 512 பைட் ஸ்ட்ரக்டை அப்படியே கியூவில் போடுகிறவர்கள் தங்கள் இன்டரப்ட் தாமதத்தைத் தாங்களே கூட்டிக்கொள்கிறார்கள்.

இனி அந்த 60, 70. இது கெடுவை மீறவில்லை என்றாலும், காரணம் தெரியாமல் விடக் கூடாது. நீங்கள் சைக்கிள் கவுன்ட்டர் (ப்ராசஸரின் துடிப்புகளை எண்ணும் ரெஜிஸ்டர்) வைத்து அளக்கிறீர்கள் என்றால், ஃபங்ஷன் ஓடும்போது இடையில் வந்த இன்டரப்டுகளின் நேரமும் அந்த எண்ணில் சேர்ந்துவிடுகிறது. ஃபங்ஷன் தானே எடுத்த நேரம் வேறு, தொடக்கம் முதல் முடிவுவரை கடந்த நேரம் வேறு. பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. மோட்டாரைத் துண்டித்துவிட்டு, ஃபங்ஷனில் வெறும் கணக்குப் பகுதியை மட்டும் எடுத்து, ப்ரைமாஸ்க் என்னும் ரெஜிஸ்டரால் எல்லா இன்டரப்டையும் அடைத்து, சில லட்சம் தடவை ஓட்டி உச்சத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கர்னல் அழைப்பு எதையும் அதற்குள் விடாதீர்கள். ஊசலாட்டம் மறைந்துவிட்டால் காரணம் இன்டரப்டுகள், அவற்றின் நீளத்தைத்தான் குறைக்க வேண்டும். கவுன்ட்டர் 32 பிட், 168 மெகாஹெர்ட்ஸில் சுமார் 25.6 விநாடிக்கு ஒருமுறை சுற்றிவரும். குறியில்லா முழு எண்ணாகக் கழித்தால் அதனால் கணக்கு தவறாது.

இன்டரப்டை அடைத்த பிறகும் எண் ஆடினால், காரணம் ஃபங்ஷனுக்குள்தான். வகுத்தல் கட்டளை ஒன்றே எண்களைப் பொறுத்து 2 முதல் 12 சைக்கிள்வரை எடுக்கும். ஃப்ளாஷ் மெமரி ப்ராசஸர் வேகத்துக்கு ஈடுகொடுக்காது என்பதால், கோடு சிறிய கேஷில் ஏற்கெனவே இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து முதல் ஓட்டமும் பத்தாவது ஓட்டமும் வேறுபடும். நான் முதலில் சந்தேகப்படுவது டபுளைத்தான், அதாவது இரட்டைத் துல்லியத் தசம எண்ணை. கோர்டெக்ஸ்-எம்4-இன் எஃப்பியூ (தசம எண் கணக்கைச் செய்யும் ஹார்டுவேர்) ஒற்றைத் துல்லியத்துக்கு மட்டும். 3.14 என்று எழுதி முடிவில் எஃப் போட மறந்தால் அந்தக் கணக்கு முழுக்க டபுளாகி, மென்பொருளில் பல மடங்கு மெதுவாக நடக்கும், உள்ளே வரும் எண்ணைப் பொறுத்து நேரமும் மாறும். ஜிசிசி கம்பைலரில் டபுள்-ப்ரமோஷன் எச்சரிக்கையை இயக்கிப் பாருங்கள். எத்தனை இடங்களில் எட்டிப்பார்க்கிறது என்று தெரியும். அளவெடுப்பது எப்போதும் வெளியிடப்போகும் பில்டில் இருக்கட்டும்.

ஆனாலும் நீங்கள் அளந்த உச்சம், நீங்கள் பார்த்தவரைக்குமான உச்சம் மட்டுமே. பிழை வந்தால் மட்டும் ஓடும் கிளை சோதனையில் ஓடாமலே இருந்திருக்கலாம், உங்கள் 7 மில்லிவிநாடி அப்படித்தானே ஒளிந்திருந்தது! எனவே கோடைப் படித்து மிக நீளமான பாதையைக் கண்டுபிடித்து, அதை வலியச் சென்று ஓட்டி அளக்க வேண்டும். லூப்புகளுக்கு நிலையான எண்ணிக்கை இருக்கட்டும். தன்னைத் தானே அழைக்கும் ஃபங்ஷன் வேண்டாம். ஃபங்ஷன் பாயின்டர் வழியாக அழைத்தால் அழைப்புக்கு ஆகும் செலவு கிட்டத்தட்ட அதேதான், ஆனால் எங்கே போய் நிற்கும் என்பது தெரியாவிட்டால் உச்ச வரம்பையும் சொல்ல முடியாது; போகக்கூடிய இடங்கள் ஒரு கான்ஸ்ட் அட்டவணைக்குள் அடங்கினால் பரவாயில்லை.

கர்னல் அழைப்புகளிலும் இதே பார்வை வேண்டும். டாஸ்க்கை உறங்கவைக்கும் அழைப்பு, உறங்கும் மற்ற டாஸ்க்குகளின் வரிசையில் இடம் தேடி நடக்கும். ஈவன்ட் குரூப்பில் (பல டாஸ்க்குகள் காத்திருக்கக்கூடிய கொடிகளின் தொகுப்பில்) பிட் வைக்கும் அழைப்பு, எத்தனை டாஸ்க் காத்திருக்கிறதோ அத்தனையையும் பார்க்கும். அதனால்தான் இன்டரப்டிலிருந்து அழைத்தால் அந்த வேலை டைமர் டாஸ்க்கிடம் ஒப்படைக்கப்படுகிறது, டைமர் டாஸ்க்கின் முன்னுரிமை குறைவாக இருந்தால் உங்கள் பிட் தாமதமாகத்தான் விழும். ஒரே டாஸ்க்கை எழுப்ப வேண்டும் என்றால் டாஸ்க் நோட்டிஃபிகேஷன் (அந்த டாஸ்க்குக்கு நேராகப் போகும் சைகை) போதும். அதில் தேடும் வேலையே கிடையாது. உங்கள் 1 மில்லிவிநாடி சுற்றையும் அப்படியே செய்யலாம்: ஹார்டுவேர் டைமர் இன்டரப்ட் வந்ததும் நோட்டிஃபிகேஷன் கொடுத்து கன்ட்ரோல் டாஸ்க்கை எழுப்புங்கள். இப்போது டாஸ்க் டிலே பயன்படுத்தினால் அதையாவது டிலே அன்டில் என்று மாற்றிவிடுங்கள், இல்லையேல் டாஸ்க்கின் ஓட்டம் ஒரு டிக்கை (கர்னல் நேரத்தை எண்ணும் துடிப்பை) தாண்டும் ஒவ்வொரு தடவையும் சுற்று நழுவிப் போகும்.

ஆர்டிஓஎஸ் மாற்றுவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. செஃபிர் என்ற ஆர்டிஓஎஸ்ஸில் டாஸ்க் வரிசைக்கு எளிய பட்டியலா, மரமா, பல வரிசைகளா என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம், நல்ல வசதிதான். ஆனால் அங்கேயும் நிரம்பிய கியூவில் எல்லையில்லாமல் காத்திருந்தால் இதே 7 மில்லிவிநாடிதான்.

முதல் வேலையாகக் கியூவின் காத்திருப்பைப் பூஜ்யமாக்கி, பிழையை வேண்டுமென்றே தொடர்ந்து வரவைத்து அளந்து பாருங்கள். 7 மில்லிவிநாடி மறையவில்லை என்றால் செட்டிங்ஸை ஃப்ளாஷில் எழுதும் டாஸ்க் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரே பேங்க் கொண்ட ஃப்ளாஷில் அழிப்பு நடக்கும்போது அதே ஃப்ளாஷிலிருந்து ஓடும் கோடு அப்படியே நின்றுவிடும். பிற்காலத்தில் 10 கிலோஹெர்ட்ஸில் மின்னோட்டச் சுற்று சேர்ப்பதாக இருந்தால், அதை டாஸ்க்கில் வைக்காதீர்கள். கர்னல் மறைக்கும் எல்லைக்கும் மேலான முன்னுரிமையுள்ள இன்டரப்டில் வையுங்கள். அங்கே கர்னல் அழைப்பு எதையும் பயன்படுத்த முடியாது, பதிலுக்குக் கர்னலின் எந்தத் தாமதமும் அதைத் தொடாது.