மாடி வாட்டத்தை எதில் அளப்பது?

கேள்வி: மொட்டை மாடியில் தட்டோடு பதிக்கப் போகிறோம். மழைநீர்க் குழாய் பக்கம் வாட்டம் சரியாக இருக்கிறதா என்று போனில் ஆப் போட்டுப் பார்த்தேன். ஓர் இடத்தில் 0 டிகிரி, பக்கத்திலேயே 1 டிகிரி காட்டுகிறது. மேஸ்திரி தண்ணீர் டியூபே போதும் என்கிறார். நான் டிஜிட்டல் கோணமானி வாங்கட்டுமா? அடுத்து அங்கேயே சோலார் பேனலும் வரப்போகிறது.

பதில்: மாடியைப் பொறுத்தவரை மேஸ்திரி சொல்வதே சரி. போன் கெட்டுப்போகவில்லை. நீங்கள் அளக்க நினைக்கும் சரிவுதான் அதற்கு எட்டாத அளவு சின்னது.

மாடிக்கு 100க்கு 1 வாட்டம் என்று வைத்துக்கொள்வோம். அதாவது மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் இறக்கம். டிகிரியில் இது வெறும் 0.57. முழு டிகிரியாகக் காட்டும் ஆப் இதை 0 என்றும் சொல்லும், 1 என்றும் சொல்லும். கடையில் கிடைக்கும் டிஜிட்டல் கோணமானியில் 0.2 டிகிரி வரை பிழை இருக்கலாம் என்று போட்டிருந்தால், 0.57 என்பது 0.37 ஆகவோ 0.77 ஆகவோ தெரியலாம். 8 மீட்டர் நீள மாடியில் அது 5 சென்டிமீட்டருக்கும் கிட்டத்தட்ட 11 சென்டிமீட்டருக்கும் உள்ள வித்தியாசம். தவிர, அந்தக் கருவியின் அடிப்பாகம் ஒரு சாண்கூட இருக்காது. அது மாடியின் வாட்டத்தைக் காட்டாது, அதன் அடியில் இருக்கும் மேடு பள்ளத்தைத்தான் காட்டும்.

தண்ணீர் டியூபுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும், தூரம் எவ்வளவு இருந்தாலும் சரி. குழாய்க்கு எதிர் மூலையில், தரையிலிருந்து 100 சென்டிமீட்டர் உயரத்தில் தண்ணீரை நிறுத்துங்கள். மாடி 8 மீட்டர் என்றால், குழாய் வாயில் தண்ணீர் மட்டத்திலிருந்து தரை 108 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும், நடுவழியில் 104. அவ்வளவுதான் கணக்கு. டியூபுக்குள் காற்றுக் குமிழ் ஒன்றுகூட இருக்கக் கூடாது. அளவு பார்க்கும்போது இரண்டு முனையிலிருந்தும் கட்டை விரலை எடுத்துவிட வேண்டும். அவசரத்தில் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். தட்டோடு ஒட்டுவதற்கு முன், மட்டப் புள்ளி (உயரத்துக்கு அடையாளமாக வைக்கும் சிறு கலவைத் திட்டு) வைத்த நிலையிலேயே நீங்களும் கூட நின்று பாருங்கள். ஒட்டிய பிறகு கண்டுபிடித்தால் உடைக்கத்தான் வேண்டும்.

இடையிடையே சரிபார்க்க 60 சென்டிமீட்டர் ரசமட்டம் (நடுவில் குமிழ் உள்ள மட்டக் கட்டை) ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த முனைக்கு அடியில் 6 மில்லிமீட்டர் கனமுள்ள துண்டை வையுங்கள். குமிழ் நடுவில் நின்றால் சரியாக 100க்கு 1. வாங்கும்போது கடையிலேயே சோதித்துவிடுங்கள். மேஜைமேல் வைத்து, குமிழ் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று பாருங்கள். அதே இடத்தில் முன்பின்னாகத் திருப்பி வையுங்கள். குமிழ் மறுபடியும் மேஜையின் அதே பக்கம், அதே அளவு ஒதுங்கினால் ரசமட்டம் நல்லது, சாய்வு மேஜையில்தான். பக்கம் மாறினால் அதை வாங்காதீர்கள்.

கோணமானியையும் போனையும் இப்படியே திருப்பிச் சோதிக்கலாம். ஒரு தடவை 1.2, திருப்பினால் 0.8 என்றால் உண்மைச் சரிவு 1.0, கருவியின் பிழை 0.2.

இன்னொன்று, பல கோணமானிகளில் டிகிரிக்கும் சதவீதத்துக்கும் ஒரே பொத்தான்தான் இருக்கும். 1 டிகிரி என்பது 1 சதவீதம் அல்ல, 1.75 சதவீதம். 45 டிகிரிதான் 100 சதவீதம். திரையில் எந்தக் குறி இருக்கிறது என்று பார்க்காமல் எண்ணை மட்டும் மேஸ்திரியிடம் சொன்னால் வாட்டம் ஏறக்குறைய இரண்டு மடங்காகவோ பாதியாகவோ ஆகிவிடும்.

சரி, சோலார் பேனல். அங்கே கோணம்தான் முக்கியம், அதுவும் பெரிய கோணம். தெற்கு பார்த்து, ஏறக்குறைய உங்கள் ஊரின் அட்சரேகை அளவுக்குச் சாய்க்க வேண்டும். சென்னைக்கு 13 டிகிரி, கன்னியாகுமரிக்கு 8. ஒரு டிகிரி முன்னே பின்னே போனால் மின்சாரத்தில் பெரிதாக ஒன்றும் குறையாது. அதனால் இந்த வேலைக்கு உங்கள் போனே போதும். கேமரா மேடு இடிக்காதபடி போனின் நீளப் பக்கத்தைச் சட்டத்தின்மேல் நிறுத்தி அளங்கள். தெற்குத் திசையை மட்டும் இரும்பு ஸ்டாண்டை விட்டுச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். இரும்புக்குப் பக்கத்தில் போன் திசைகாட்டி விலகிவிடும்.