கமிஷன் வாங்காத கல்வி ஆலோசகர் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். ஒரு தனியார் கல்லூரியின் மாணவர் சேர்க்கைப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, போன வருடம் தனியாகக் கல்வி ஆலோசனை தரத் தொடங்கினேன். எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ இறுதித் தேர்வு) முடித்த பிள்ளைகளோடும் பெற்றோரோடும் உட்கார்ந்து, எந்தப் படிப்பு, எங்கே, பணத்துக்கு என்ன வழி என்று பார்த்துக் கொடுக்கிறேன். ஒரு சந்திப்புக்கு 150 வெள்ளி (ரிங்கிட்). முகநூலில் விளம்பரம் போட்டால் லைக் வருகிறது, ஆள் வருவதில்லை. வருகிறவர்களும் "கல்விக் கண்காட்சியில் சும்மாவே சொல்கிறார்களே, உங்களுக்கு ஏன் பணம்?" என்கிறார்கள். இரண்டு கல்லூரிகள் மாணவருக்கு இவ்வளவு என்று கமிஷன் தர முன்வந்திருக்கின்றன. மாணவர்களின் பெயர், தொலைபேசி எண் பட்டியல் விலைக்கு இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். கோயில் நிகழ்ச்சிகளில் கார்டு கொடுக்கக் கூச்சமாக இருக்கிறது. ஆட்களை எப்படித்தான் பிடிப்பது?

க., பட்டர்வொர்த்

அன்புள்ள க.,

"உங்களுக்கு ஏன் பணம்?" என்று கேட்கும் பெற்றோர் சரியான கேள்வியைத்தான் கேட்கிறார்கள். உங்கள் விளம்பரத்தில் அதற்குப் பதில் இல்லை. நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். பட்டமளிப்புத் தொப்பி, வரிசையாகக் கல்லூரிச் சின்னங்கள், கீழே உங்கள் எண். கண்காட்சியில் முகவர்கள் தொங்கவிடும் பதாகையும் இப்படித்தான் இருக்கும். அங்கே சும்மா கிடைப்பதை இங்கே 150 வெள்ளி கொடுத்து யார் வாங்குவார்கள்?

கண்காட்சியில் சும்மா சொல்கிறவருக்குக் கல்லூரி பணம் கொடுக்கிறது. அவர்களில் நல்லவர்கள் உண்டு, எனக்குத் தெரிந்தவர்களே இருக்கிறார்கள். ஆனால் ஒரு பிள்ளையை எஸ்.பி.எம்.முக்குப் பிறகு அரசுப் பள்ளியிலேயே படிக்கும் ஆறாம் படிவத்துக்கு அனுப்பினால் யாரும் கமிஷன் தரப்போவதில்லை. அரசின் பல்கலைக்கழக முன்படிப்பான மெட்ரிகுலேஷனுக்கும், பாலிடெக்னிக்குக்கும் அப்படித்தான். கையில் பணமில்லாத நம் குடும்பங்களுக்கு மிகவும் தேவைப்படும் வழிகள் இவை. கமிஷனில் பிழைப்பவருக்கு இவற்றைப் பற்றிப் பேச ஒரு காரணமும் இல்லை.

நிபோங் தெபாலிலிருந்து ஒரு தாய் மகளோடு என்னிடம் வந்திருந்தார். கையில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் ஃபவுண்டேஷன் (பட்டப்படிப்புக்கு முந்தைய தயாரிப்புப் படிப்பு) சேர்க்கைக் கடிதம். மேலே தடித்த எழுத்தில் 'உபகாரச் சம்பளம்' என்று ஒரு தொகை. அது கட்டணத்தில் கழிக்கும் தள்ளுபடிதான், கைக்கு வரும் பணமல்ல. கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில், பதிவுக் கட்டணம் திருப்பித் தரப்படாது, வெள்ளிக்கிழமைக்குள் கட்ட வேண்டும். மிச்சத்துக்கு அரசின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தத் தாய் நம்பிக்கொண்டிருந்தார். அந்தக் கடன் டிப்ளோமாவுக்கும் பட்டப்படிப்புக்கும்தான், ஃபவுண்டேஷனுக்குக் கிடையாது. அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆறாம் படிவம் பற்றிக் கேட்டீர்களா என்றேன். "அது ரொம்பக் கஷ்டம், யாரும் போவதில்லை என்று சொன்னார்கள்" என்றார். ஆறாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வு கஷ்டம்தான், எல்லாப் பிள்ளைக்கும் ஏற்றதும் இல்லை. ஆனால் செலவு மிகக் குறைவு, ஒன்றரை ஆண்டுப் படிப்பு, அரசுப் பல்கலைக்கழகத்துக்கும் வெளிநாட்டுக்கும் அதை வைத்துப் போகலாம். அந்த மகளின் உயிரியல், வேதியியல் மதிப்பெண்களுக்கு அந்த வழி நன்றாகவே பொருந்தியது. வெள்ளிக்கிழமைக்குள் முடிவெடுக்க வேண்டிய நிலையில் அவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டாமா?

நீங்கள் செய்ய வேண்டிய வேலை இதுதான், க. இதைச் சொல்வதே உங்கள் விளம்பரம். சின்னங்களை எடுத்துவிட்டு, "எந்தக் கல்லூரியிடமும் நான் பணம் வாங்குவதில்லை; ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன், பாலிடெக்னிக் உட்பட எல்லா வழியும் பார்த்துச் சொல்வேன்; கட்டணம் 150 வெள்ளி" என்று போடுங்கள். தொகையை மறைக்க வேண்டாம். அதைப் போட வேண்டுமானால் கமிஷனை மறுத்தாக வேண்டும். இரண்டும் வைத்துக்கொள்ளலாம், பெற்றோரிடம் சொல்லிவிட்டால் போதும் என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அமெரிக்காவில் 1976-இல் தொடங்கிய சுயேச்சைக் கல்வி ஆலோசகர்கள் சங்கத்தில், மாணவரைச் சேர்த்துவிட்டதற்குக் கல்லூரியிடம் பணம் வாங்குகிறவர் உறுப்பினராக இருக்க முடியாது. அங்கே இதை வைத்தே ஒரு தொழிலைக் கட்டியெழுப்பியிருக்கிறார்கள். முதல் ஓரிரு ஆண்டு வருமானம் இழுபறியாக இருக்கும். மாலையில் டியூஷன் எடுத்துச் சமாளியுங்கள்.

இனி ஆட்களைப் பற்றி. எஸ்.பி.எம். முடிவு வந்த அன்று நம் வீட்டில் ஒரு தாய் யாரைக் கேட்கிறார்? டியூஷன் ஆசிரியரை, ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் அண்ணன் மகளை, ஆறாம் ஆண்டில் பாடம் எடுத்த தமிழ்ப்பள்ளி ஆசிரியையை. ஐந்து வருடம் கழித்தும் அந்த ஆசிரியையின் எண் தொலைபேசியில் இருக்கும். முகநூலைப் பிறகு பாருங்கள், முதலில் இவர்களிடம் போங்கள்.

கார்டோடு போகாதீர்கள். ஒரே ஒரு தாள் தயாரியுங்கள், தமிழில். அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான யு.பி.யு. விண்ணப்பம் எப்போது, இடம் கிடைக்காவிட்டால் மேல்முறையீடு எப்படி, பி.டி.பி.டி.என். எதற்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது, ஒரு படிப்பு, படிப்புகளின் தரத்தைப் பார்க்கும் அரசு அமைப்பான எம்.கியூ.ஏ.யின் அங்கீகாரம் பெற்றதா என்று அவர்களின் இணையப் பதிவேட்டில் எப்படித் தேடுவது. 2024-இல் அரசாங்கம், எஸ்.பி.எம்.மில் 10ஏ-யும் அதற்கு மேலும் எடுத்த எல்லா மாணவருக்கும் இன வேறுபாடில்லாமல் மெட்ரிகுலேஷன் இடம் என்று அறிவித்தது. அதன் இன்றைய நிலையையும் கேட்டுத் தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். தாளின் அடியில் உங்கள் பெயரும் எண்ணும். அதை டியூஷன் ஆசிரியரிடம் கொடுத்து, "பெற்றோர் கேட்டால் இதைக் கொடுங்கள், என்னிடம் வந்தாலும் வராவிட்டாலும் பரவாயில்லை" என்று சொல்லுங்கள். புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் அது தானாகச் சுற்றும். ஆண்டுதோறும் தேதிகளைத் திருத்திப் புதிய தாள் கொடுங்கள். பழைய தேதியோடு ஒரு தாள் சுற்றினால் உங்கள் பெயர் கெடும்.

தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களையும் கேளுங்கள். ஆரம்பப் பள்ளியில் போய் எஸ்.பி.எம். பேசுவதா என்று தோன்றும். அங்கே வரும் பெற்றோர் பலருக்கு மூத்த பிள்ளை இடைநிலைப்பள்ளியில் இருக்கும். இடைநிலைப்பள்ளியின் கவுன்சிலிங் ஆசிரியரிடம் 'என்னிடம் ஆள் அனுப்புங்கள்' என்று கேட்காதீர்கள். அவர் அரசு ஊழியர், அது அவருக்குச் சங்கடம். பள்ளி முதல்வரின் அனுமதியோடு தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு மாலை பேசுகிறேன் என்று கேளுங்கள்.

உங்கள் கூச்சம் நியாயமானது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடக்கிறவரிடம் கார்டு நீட்ட வேண்டாம். கோயில் நிர்வாகத்திடம் முடிவு வெளியாகும் வாரக் கடைசியில் மண்டபத்தில் ஒரு மேசை கேளுங்கள். அன்று யாரிடமும் பணம் வாங்காதீர்கள்.

பெயர்ப்பட்டியலைத் தொடவே வேண்டாம். சம்மதமில்லாமல் எடுத்த எண்களை வைத்துத் தொழில் செய்வது 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் போய் மாட்டும். அதைவிட, 'என் மகன் நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?' என்று ஒரு தகப்பன் கேட்டால் என்ன சொல்வீர்கள்? சேர்க்கைக் கடிதத்தோடு பிள்ளைகளை நிற்கவைத்து எடுத்த படங்களையும் உங்கள் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஒன்றில் அடையாள அட்டை எண் தெளிவாகவே தெரிகிறது.

கார்டில் 'கவுன்சிலர்' (counsellor) என்று போட்டிருக்கிறீர்கள். 1998-ஆம் ஆண்டுக் கவுன்சிலர் சட்டப்படி, கவுன்சிலர் வாரியத்தில் பதிந்தவர்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். 'கல்வி ஆலோசகர்' என்று மாற்றி அச்சடியுங்கள். வணிகங்களைப் பதியும் எஸ்.எஸ்.எம். ஆணையத்தில் இன்னும் பதியவில்லை என்றால் உங்கள் சொந்தப் பெயரிலேயே பதியுங்கள். ஆண்டுக்கு 30 வெள்ளிதான், வணிகப் பெயருக்கு 60. நம் ஊரில் எப்படியும் ஆள் பெயரைச் சொல்லித்தான் தேடி வருவார்கள்.

அந்த இரண்டு கல்லூரிகளுக்கும் இந்த வாரமே மறுப்பு எழுதிவிடுங்கள், மரியாதையாக. நாளைக்கு ஒரு பிள்ளைக்கு அந்தக் கல்லூரியே சரியாக இருக்கலாம், அப்போது அவர்களோடு நீங்கள் பேச வேண்டிவரும். தாளை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். மண்டபத்தில் மேசை கிடைத்தால் தேதியைச் சொல்லுங்கள். பினாங்குப் பாலத்தைத் தாண்டி வந்து நானும் உங்களோடு உட்காருகிறேன்.

அன்புடன்,
அக்கா